உயிர்ப்பவள தரிசனம்

திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் நடந்தால், வழிநெடுக நம்மைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நிற்பவர் ஜம்புலிங்கம். நேரில் அல்ல, ஃபிளெக்ஸில். 2008 ஆடிக் கிருத்திகைக்கு அவர் வைத்த ஃபிளெக்ஸ்களில் அவருடைய முகம் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் அளவுக்கு இருந்தது. முருகனுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார். ஜம்புலிங்கத்தின் வலது தோளுக்குப் பின்னால், குரூப் போட்டோவில் இடம் கிடைக்காதவர் எட்டிப் பார்ப்பதுபோல, வேலோடு நின்றுகொண்டிருந்தார். கீழே பட்டங்கள்: நவரத்தின நாயகர், ஜோதிட ஜாம்பவான், தோஷ நிவாரணத் திலகம், டாக்டர். டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டால் "வெளிநாடு" என்பார். எந்த நாடு என்று மேற்கொண்டு கேட்கும் அளவுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் பொழுது இல்லை.

அவருடைய தொழில் எளிமையானது. செவ்வாய்க்கு அதிதேவதை முருகன். முருகனுக்கு ஊர் திருத்தணி. திருத்தணியில் செவ்வாய்க்கு உகந்த பவளம் விற்பவர் ஜம்புலிங்கம். செவ்வாய் தோஷம் என்று ஒரு சொல் எந்த வீட்டில் விழுந்தாலும் அது உருண்டு உருண்டு அவருடைய கடை வாசலில் வந்து நிற்கும்.

வித்யாலக்ஷ்மி வீட்டில் அது விழுந்தது அவளுடைய இருபத்து நாலாவது வயதில். அவளுடைய அப்பா அம்பி, மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாக நைவேத்தியம் சமைப்பவர். அம்மா இல்லை. ஜாதகத்தில் செவ்வாய் ஏழில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லி, ஜம்புலிங்கம் சிவப்புப் பவளம் பதித்த மோதிரம் ஒன்றை அவள் விரலில் ஏற்றிவிட்டார். எட்டு வருஷம் ஆகியும் செவ்வாய் நகரவில்லை, மோதிரமும் கழலவில்லை. வந்த வரன்கள் எல்லாம் ஜாதகத்தைக் காட்டி யோசனை கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அவர்களில் பாதிப் பேருக்கு யோசனை சொன்னவரும் ஜம்புலிங்கம்தான்.

வித்யா அழுதுகொண்டு உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்தாள். சாட்டிங் செய்ய வரும் காலேஜ் பையன்களுக்கு மற்ற மெஷின்களைக் கொடுத்துவிட்டு, தன் மெஷினில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது எங்கேயோ இருக்கும் மனிதர்களின் கூடத்தை. அந்தக் கூடங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் இருந்தது. கடலுக்குள் பவளம் இருந்தது. அது கல் இல்லை, மோதிரம் இல்லை. விரல்களை நீட்டி மூச்சுவிடும் ஒரு ஜீவன். ஒரு துண்டை வெட்டி நட்டால் துண்டு முழுசாகும் என்று படித்த அன்று அவள் சென்டரைச் சீக்கிரம் பூட்டிவிட்டாள்.

மீன்தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூரில் ஒரு கடைக்காரர், பாறையோடு ஒட்டிவந்த நகமளவுத் துண்டு ஒன்றைக் காட்டி, "இது பொழைக்காதும்மா, சும்மா எடுத்துனு போ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அது பிழைத்தது. கல்லாக இறுகாத வகைப் பவளம் அது. தொட்டால் ஈரத் தோல் மாதிரி இருக்கும். அடியில் தடித்த தண்டு, மேலே குடைக்காளான்போல் விரிப்பு, விரிப்பு முழுக்க மெல்லிய விரல்கள். மூன்று வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது. அதற்கு அவள் வைத்த பெயர் பெரியவள். பெரியவளிடமிருந்து வெட்டிய துண்டுகள் எல்லாம் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் படிக்கட்டில் கொலு பொம்மைகள் மாதிரி வரிசையாக நின்று வளர்ந்தன. தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் நீல வெளிச்சத்தைப் பார்த்து, அம்பி வீட்டில் எந்நேரமும் டிவி ஓடுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அம்பிக்கு அந்தத் தொட்டியில் ஒரே ஒரு விஷயம் பிடிக்கவில்லை. உப்பை அளக்கும் கண்ணாடிக் குழாய். மடப்பள்ளியில் சமைப்பவர் ருசி பார்க்கக்கூடாது. ஸ்வாமிக்கு முன்னால் சமையல்காரனின் நாக்கு நுழையக்கூடாது. புளியோதரையோ பொங்கலோ, கை அள்ளும்போதே உப்பு சரியாக விழவேண்டும்.

"எதுக்குடி இந்தக் குழாய்? நாலு தலைமுறையா கையாலதான் உப்பு போட்டிண்டிருக்கோம். முருகன் ஒரு நாள் குறை சொல்லியிருப்பாரா?"

"முருகன் சொல்லமாட்டார்ப்பா. பெரியவள் செத்தே போயிடுவா."

வெட்டிய துண்டைக் கல்லில் நிறுத்துவதுதான் கஷ்டம். வழவழவென்று வழுக்கும், பசை ஒட்டாது. பக்கத்துக் கடையில் தையல் மெஷின் வைத்திருந்த பாஞ்சாலிதான் நைலான் நூலைக் கொண்டுவந்து, ஊசியைக் கோத்து, துண்டைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். அவள் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். நூல் சொன்னபடி கேட்கும்.

"ஐய, பிளேடால கீசறியே, அதுக்கு வலிக்காதா?"

"ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிண்டிருக்கும். அப்புறம் ரெண்டாயிடும்."

"எங்க மாமியாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினுதான் கீறாங்க. நல்லவேளை, ரெண்டாவல" என்றாள் பாஞ்சாலி.

ஆடி பிறந்ததும் ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்தார். தொட்டி முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு இரண்டு பேச்சு உண்டு. மைக் இருந்தால் செந்தமிழ், இல்லாவிட்டால் சொந்தத் தமிழ்.

"இன்னாம்மா வித்யா, இதுவா பவளம்? செவப்பாவே இல்லியே?"

"இது இந்த நிறம்தான்."

"பரவால்ல. ரெட் லைட் போட்டுக்கலாம்." அம்பி பக்கம் திரும்பினார். "சாமி, கிருத்திகைக்கு நம்ம கடை முன்னாடி மேடை போடறேன். உலகத்துலயே மொத மொறையா உயிர்ப்பவள தரிசனம். பாத்த மாத்திரத்துல செவ்வாய் தோஷம் கழண்டுகினு ஓடும். உங்க பொண்ணு பட்டுப்பொடவ கட்டிகினு மேடையில ஒக்காரட்டும். தோஷம் கழண்ட மொத பொண்ணுன்னு நானே மைக்ல சொல்றேன். பள்ளிப்பட்டுல ஹெட்மாஸ்டர் பையன் ஒருத்தன் கீறான். நான் கழண்டுச்சின்னு சொன்னா, மறுநாளே தட்டு மாத்திடலாம்."

அம்பியின் கண்கள் கலங்கிவிட்டன. வித்யாவின் கண்கள் கலங்கவில்லை.

"கேட்டதுக்குச் சந்தோஷம் மாமா. கிடையாது."

"இன்னா கிடையாது?"

"பெரியவளும் கிடையாது, நானும் கிடையாது. அது கடல் தண்ணியை விட்டு வெளில வந்தா செத்துடும். நான் மேடைல உக்காந்தா நான் செத்துடுவேன்."

ஜம்புலிங்கம் சிரித்தார். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி சாமி. செவ்வாய் வேல காட்டறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஊரெங்கும் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. 'உயிர்ப்பவள தரிசனம்' என்று கொட்டை எழுத்து. கூடவே, வேறு ஏதோ கடலில் எடுத்த சிவப்புப் பவளத்தின் படம். கிடையாது என்ற சொல்லை அவர் பேரம் பேசுவதன் முதல் கட்டமாக மட்டுமே புரிந்துவைத்திருந்தார்.

ஆடிக் கிருத்திகை அன்று ஊருக்குள் வண்டி நுழையாது, சென்டரும் மூடியிருக்கும். அதனால் அந்த நாளில் கொளத்தூர் போய்த் தொட்டிக்கு உப்பு வாங்கி வருவது வித்யாவின் வழக்கம். அந்த வருஷமும் போனாள். மத்தியானம் ரயிலிறங்கி, புஷ்பக் காவடிகளுக்கும் அரோகராவுக்கும் நடுவே தோளில் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தபோது, வேண்டுதல் என்று நினைத்து இரண்டு பேர் வழிவிட்டார்கள், ஒரு கிழவர் கும்பிட்டார்.

வீட்டில் தொட்டியின் நடுவே ஒரு பள்ளம். பெரியவள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். சின்னத் துண்டுகள் எல்லாம் பயந்து விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு படிக்கட்டில் மொட்டையாக நின்றன. விடியற்காலை முறையை முடித்து மலையிலிருந்து இறங்கியிருந்த அம்பி, ஊஞ்சலில் காலை ஊன்றி ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா?"

"ஒரு நாள்தாண்டி. சாயங்காலம் திருப்பித் தந்துடறேன்னான். உன் நல்லதுக்குத்தான்..."

"எதுல வெச்சுக் குடுத்தேள்? தொட்டித் தண்ணிலதானே?"

அம்பி தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்வாமி பேரைச் சொல்லி எடுத்துண்டு போற வஸ்து. அலம்பாமக் குடுக்கலாமா? சரவணப்பொய்கைத் தீர்த்தத்துல நன்னா அலம்பி, பித்தளைப் பாத்திரத்துல தீர்த்தம் விட்டுத்தான் குடுத்தேன்."

வாழ்நாள் முழுக்க அரிசியையும் பருப்பையும் காய்கறியையும் அலம்பியே ஸ்வாமி முன்னால் அனுப்பிய மனிதர். அழுக்கு என்று அவர் தேய்த்து எடுத்தது அதன் மேல்தோல். வித்யா பிளேடை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். வழியில் பாஞ்சாலியைக் கூப்பிட்டாள். பாஞ்சாலி ஒன்றும் கேட்காமல் கத்திரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

மேடை பிரமாதமாக இருந்தது. சீரியல் செட்டு, வாழைமரம், நாதஸ்வரம். நடுவில் வெல்வெட் போர்த்திய ஸ்டூலின்மேல் பித்தளைப் பாத்திரம். அதன்மேல் சிவப்பு ஃபோகஸ் லைட் கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலேயே பாலாபிஷேகம், பன்னீர் அபிஷேகம் எல்லாம் ஆகியிருந்தது. எதிரே செவ்வாய் தோஷக்காரர்களின் வரிசை கோடி வீட்டைத் தாண்டிப் போயிற்று.

வரிசையின் முன்பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

கடலில் பிறந்தது நல்ல தண்ணீரிலும் பாலிலும் வெயிலிலும் சாகத் தொடங்கினால் வரும் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. காசிமேட்டு மீன் சந்தையை ஒரு வாரம் பூட்டிவைத்துத் திறந்தாற்போல் என்று வைத்துக்கொள்ளலாம். நாதஸ்வரக்காரர் ஊதுவதற்கு மூச்சை இழுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அது பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

ஜம்புலிங்கத்துக்கு மைக் கையில் இருந்தது. "பக்த கோடிகளே! இப்போது தாங்கள் நுகர்வது சாதாரண வாடையன்று. தங்களின் தோஷங்கள் உடலை விட்டு வெளியேறும் வாடை! யாருக்கு அதிகம் நாறுகிறதோ, அவருக்கு அதிகம் தோஷம் இருந்தது என்று பொருள்!"

உடனே முன்வரிசையில் பலர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒன்றும் நாறாதவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளைக் கூட்டிவந்திருந்த ராஜமாணிக்கம் என்ற விவசாயி மட்டும், "எங்கூட்டு மாட்டுத் தொட்டில எலி செத்தப்போ இதே வாசனதான் வந்திச்சி. அப்போ மாட்டுக்கு தோஷமாய்யா?" என்று கேட்டார். அவருடைய மகள் துப்பட்டாவுக்குள் சிரித்தாள்.

வித்யா மேடையேறினாள். பட்டுப்புடவை இல்லை. ரயில் கசங்கல் போகாத சுடிதார், தோளில் உப்பு வெள்ளை.

"வந்துவிட்டாள்! தோஷம் நீங்கிய முதல் கன்னி..." என்று ஜம்புலிங்கம் ஆரம்பித்தார். அவள் அவரைத் தாண்டிப் போய் ஃபோகஸ் லைட்டின் பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்புப் போனதும் பாத்திரத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. திரிந்த பாலுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சுருங்கி, கூழ் கூழாய் வழிந்துகொண்டிருந்தது.

அவள் கையை விட்டுத் தூக்கினாள். மேல் விரிப்பு கையோடு பிய்ந்து வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தண்டை அடிவரைக்கும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பாறையின் இடுக்கை ஒட்டிய மடிப்பில் ஓரிடம் இன்னும் கெட்டியாக இருந்தது. கைக்குட்டையைப் பிரித்து பிளேடை எடுத்தாள்.

மைக்கை மறந்து ஜம்புலிங்கம் சொந்தத் தமிழுக்கு வந்தார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "ஏய், இன்னாம்மா பண்ணிகினு கீற? சாமி குத்தம்! அறுக்காத! ஆயுசுக்கும் உனக்குக் கல்யாணம் ஆவாது, சொல்ட்டேன்! உன் தோஷம் உன்னோடவே நிக்கும்!"

வித்யா நிமிரவில்லை. அறுத்துக்கொண்டே சொன்னாள். அவர் கையில் இருந்த மைக்குக்கு அதுவும் எட்டியது.

"நிக்கட்டும் மாமா. என் தோஷத்தை நானே வெச்சுக்கறேன். கழட்டறேன்னு சொல்லிண்டு இனிமே யாரும் என் வீட்டு வாசப்படி ஏறவேண்டாம்."

நாதஸ்வரக்காரர் ஊதுவதா வேண்டாமா என்று ஜம்புலிங்கத்தைப் பார்த்தார்.

"சாமி!" ஜம்புலிங்கம் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். அங்கே அம்பி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தார். "பொண்ண இட்டுகினு போங்க சாமி! பள்ளிப்பட்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்காரங்க மொத வரிசைல கீறாங்க!"

"அவ கைல பிளேடு இருக்கு ஓய்" என்றார் அம்பி. "நீரே வேணும்னா கிட்டப் போய்ச் சொல்லும்."

பாஞ்சாலியின் கை கத்திரிக்கோலின்மேல் இருந்ததையும் ஜம்புலிங்கம் கவனித்தார். தோஷ நிவாரணத் திலகம் ஓரடி பின்னால் போய் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டது.

வித்யா இறங்கி வந்தபோதுதான், அம்பியின் கையில் நைவேத்தியம் கொண்டுபோகும் எவர்சில்வர் தூக்கு இருப்பதைப் பார்த்தாள். அவர் மூடியைத் திறந்து நீட்டினார்.

"தொட்டித் தண்ணியாப்பா?"

"வீட்ல பழைய உப்பு மிச்சம் இருந்தது. புதுசாக் கலந்து கொண்டுவந்தேன். தொட்டில கை வெக்க பயமா இருந்தது." கொஞ்சம் தயங்கினார். "உப்பு சரியா இருக்கு. குழாயை விட்டுப் பார்த்துட்டேன்."

நாலு தலைமுறையில் முதல்முறையாக உப்பை அளந்து பார்த்த மனிதர், ஊர் நடுவே அதைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வித்யா துண்டைத் தூக்கில் போட்டாள். முதல் துண்டைப் போலவே அதுவும் நகமளவுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, சோப்பைப் போட்டு மோதிரத்தைக் கழற்றியது. எட்டு வருஷமாகக் கழலாதது சோப்புக்குக் கழன்றது. பல்லால் கடித்து உலோகத்தை விரித்து, கல்லை மட்டும் எடுத்தாள்.

"இன்னா பண்ணப் போற?" என்றாள் பாஞ்சாலி.

"பெரியவளை இதுமேலதான் கட்டப் போறேன். அவர் கொடுத்த கல்லு ஒரு வேலையாவது செய்யட்டும்."

ஆனால் தொட்டிக்குள் எதையும் அப்படியே போட்டுவிடமாட்டாள். கல்லை முதலில் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். சற்று நேரத்தில் தண்ணீர் ரோஸ்மில்க் ஆயிற்று. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். அதுவும் ரோஸ்மில்க். மாற்றி மாற்றி ஊற்றியதில், கடைசியில் கிண்ணத்தில் இருந்தது சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெறுங்கல்.

பாஞ்சாலி அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கூரு லுங்கி, ஆறு மாசம் அடிச்சித் தொவச்சாகூட இவ்ளோ சாயம் போவாதுடி! இதப் போட்டுகினா செவ்வாய் எப்பிடி நவுருவான்? உம் மேல சாயம் ஒட்டிக்கும்னு பயந்துகினு ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்திருப்பான்!"

அம்பி ஊஞ்சலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது அவருடைய தோளில் ஒரு ஃபிளெக்ஸ் சுருட்டி இருந்தது. அரோகரா கூட்டத்தில் கழன்று தெருவில் கிடந்ததாகச் சொன்னார். கழன்றதா, இவர் கழற்றினாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சிந்தித் தரை பாழாகிறது என்று வெகுநாளாக அவருக்கு ஒரு குறை. ஃபிளெக்ஸை விரித்து, தோளுக்குப் பின்னால் நின்ற முருகனை மட்டும் கத்திரிக்கோலால் பத்திரமாக வெட்டியெடுத்துப் பூஜை அறையில் வைத்தார். மிச்சத்தைத் தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில் தரையில் போட்டார், முகம் மேலே பார்க்க.

பள்ளிப்பட்டிலிருந்து அந்த வாரமே சேதி வந்தது. பெண் துணிச்சல்காரிதான், ஆனாலும் பரவாயில்லை, தொட்டியை எடுத்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். சேதி கொண்டுவந்தவருக்கு அம்பி காப்பி கொடுத்தார். "தொட்டிதான் இருக்கும். பேச்சு வேண்டாம்னா பேச்சை எடுத்துடலாம்" என்று பதில் சொல்லியனுப்பினார். உள்ளே வித்யா குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதத்துக்குள் கல் கண்ணுக்குத் தெரியாதபடி பவளம் அதை மூடிவிட்டது. நைலான் நூலையும் விழுங்கிவிட்டது. பெரியவளின் பழைய இடத்தில், வேறொரு பாறையின் உச்சியில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு விரிந்து விரல்களை நீட்டத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஜம்புலிங்கம் மறுபடி வந்தார். வாசப்படி ஏறவில்லை. ஜன்னல் வழியாகவே பேசினார்.

"நம்ம கல்லு மேலதான் வளந்துகினு கீதாமே? ஊர்ல சொன்னாங்க. பாத்தியாம்மா, எங்கடைக் கல்லோட சக்தி! கிருத்திகைக்கு ஃபிளெக்ஸ்ல இத ஒரு வரி போட்டுக்கலாமா?"

"தாராளமாப் போட்டுக்கோங்கோ மாமா" என்றாள் வித்யா. "கூடவே ஃபிளெக்ஸ் ஒண்ணு எக்ஸ்ட்ரா அடிச்சு எங்காத்துக்கு அனுப்பிடுங்கோ. இது நைஞ்சு போச்சு."

ஜம்புலிங்கம் எட்டிப் பார்த்தார். நீல வெளிச்சத்தில், தொட்டிக்கு அடியிலிருந்து அவரே அவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். நெற்றித் திலகத்தின்மேல் உப்புப் பூத்திருந்தது. வித்யா வாளியை எடுத்து வைத்துத் தண்ணீர் மாற்ற ஆரம்பித்தாள். ரப்பர் குழாயிலிருந்து இரண்டு சொட்டு டாக்டர் பட்டத்தின்மேல் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.